வைராக்கியம் இருந்தால் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்திய மாணவர்களுக்கான தன்முனைப்பு முகாம் எங்கே நடந்தாலும், அது ஈப்போவின் குளிரூட்டிய மண்டபமோ சுங்கை சிப்புட்டின் பள்ளிக் கூடமோ, ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். வேலூரில் ஒரு காவலாளியின் மகன் காமன்வெல்த் பளுதூக்கலில் இரண்டு முறை தங்கம் வாங்கினான். பல்கேரியாவில் சிறுபான்மைத் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த ஒருவன், ஐந்தடி உயரம்கூட இல்லாதவன், தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை? கேள்விக்குள்ளேயே பதிலும் பொதிந்திருக்கிறது: உங்களிடம் வைராக்கியம் இல்லை. தோட்டத்தில் உழைத்த தாத்தா பாட்டிகளின் உடம்பில் இருந்த உரமும் நெஞ்சில் இருந்த உறுதியும் பேரப்பிள்ளைகளிடம் இல்லை, கைப்பேசி தின்றுவிட்டது. இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது, பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு எந்த வீரர்களைச் சாட்சிக்கு அழைக்கிறதோ, அவர்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையை முழுதாகப் படித்தால் தெரிவது இதுதான்: பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பயிற்சிக்கூடம், தொழில் தெரிந்த ஒரு பயிற்சியாளர், பத்தாண்டு காலம் சோற்றுக்குக் கவலை இல்லாத ஓர் ஏற்பாடு. இந்த மூன்றும் இருந்த இடத்தில்தான் வைராக்கியம் பதக்கமாக மாறியிருக்கிறது.

முதலில் வேலூர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். சதீஷ் சிவலிங்கம் 1992-ல் சத்துவாச்சாரியில் பிறந்தவர். 2014-ல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். நான்காண்டு கழித்து கோல்ட் கோஸ்ட்டில், தொடையில் பட்ட காயம் முழுதாக ஆறாத நிலையிலும், 317 கிலோ தூக்கி அதே பிரிவில் மறுபடியும் தங்கம் வென்றார். அவருடைய தந்தை ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளி என்பது உண்மை. மேடைப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தத் தந்தை முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் பளு தூக்கியவர் என்பதை யாரும் சொல்வதில்லை. அதாவது வீட்டுக்குள்ளேயே ஒரு பயிற்சியாளர் இருந்தார். சத்துவாச்சாரியில் பளு தூக்குவோருக்கான கூடம் ஏற்கெனவே இருந்தது. சிறுவன் அங்கே போனபோது கம்பியைப் பிடிக்கும் முறையையும் முதுகை வளைக்காமல் எழும் முறையையும் சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். பிறகு விளையாட்டு வீரர் என்ற தகுதியில் தென்னக ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வந்தபடியே பயிற்சியைத் தொடர முடிந்தது. வென்றபின் தமிழக அரசு 50 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. இவற்றையெல்லாம் அழித்துவிட்டு ‘காவலாளியின் மகன்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் மிச்சம் வைத்தால் கிடைப்பது சதீஷின் கதை அல்ல. சொல்பவருக்கு வேண்டிய கதை.

வைராக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் யாரும் விடியற்காலையில் எழுந்து இரும்பைத் தொடமாட்டார்கள். ஆனால் இறுதிச் சுற்றில் நிற்கும் எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து, அவர்களில் ஒருவர் வென்றதற்குக் காரணம் சொல்ல முடியாது. கிளாஸ்கோவில் சதீஷோடு போட்டியிட்ட ஆஸ்திரேலிய வீரர் பிரான்சுவா எடுண்டி, கைத்தசை கிழிந்து மேடையிலேயே சாய்ந்துவிழும் அளவுக்குப் போராடினார். அவருக்குக் கிடைத்தது வெண்கலம். உறுதியை அளக்கும் தராசு ஒன்று இருந்திருந்தால் அன்று எடுண்டிக்குத்தான் தங்கம் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் 329 கிலோ தூக்கினார். கிளாஸ்கோவில் தங்கம் வாங்கித் தந்ததைவிட அது 1 கிலோ கூடுதல். கிடைத்ததோ 11-ஆம் இடம். அந்தப் பிரிவில் முதலில் வந்த இருவரும் தூக்கியது தலா 379 கிலோ. இந்த 50 கிலோ இடைவெளியை மன உறுதியின் பற்றாக்குறை என்று எவராவது சொல்வாரா? வேலூர் இளைஞனுக்கும் அந்த இருவரில் ஒருவரான சீனத்து லூ சியாவோஜுனுக்கும் இடையில் நின்றது நெஞ்சுரமா, அல்லது சிறு வயதிலேயே பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, பள்ளியும் உணவும் மருத்துவமும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் கொடுக்கும் ஏற்பாடா? காமன்வெல்த்துக்குப் போதுமான ஏற்பாடு இந்தியாவில் இருந்தது. ஒலிம்பிக் பதக்கத்துக்குப் போதுமானது அந்தப் பிரிவில் இல்லை. மனிதர் ஒருவர்தான், உறுதியும் ஒன்றுதான்.

‘தோட்டத்து உடம்பு’ என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பால்மரக் காட்டில் நம்மவர்கள் சுமந்தது பொய்யல்ல. பொழுது விடியும் முன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களை உளியால் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் சிந்தாமல் ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அவர்கள். தோளில் காண்டா அழுத்திய தழும்பு பலருக்குக் கடைசிவரை மறையவில்லை. ஆனால் அந்த உழைப்பு உடம்புக்குக் கொடுத்தது தாக்குப்பிடிக்கும் சக்தி; மணிக்கணக்கில் மெதுவாகச் செலவாகும் சக்தி. பளுதூக்கல் கேட்பது அதற்கு நேர் எதிரானது. ஸ்னாட்ச் என்பது தரையில் கிடக்கும் கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேலே கொண்டுபோவது. கம்பி உடம்பை ஒட்டி ஏற வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே கணத்தில் விரிய வேண்டும். கம்பி மேலே போகும்போதே ஆள் அதற்குக் கீழே புகுந்து குந்திவிட வேண்டும். எல்லாம் ஓரிரு விநாடிக்குள் முடிந்துவிடும். அது ஓர் அசைவுக் கலை. ஆயிரக்கணக்கான முறை, தவறைத் திருத்தும் கண் ஒன்றின் முன்னால் செய்துதான் அது படியும். வயதுக்கேற்ற புரதச் சத்து இல்லாமல், நாள் முழுவதும் சுமந்து களைத்த உடம்பு அதைக் கற்றுக்கொள்வது இன்னும் கடினம். வறுமையும் கூலி வேலையும் வீரர்களை வார்க்கும் என்றால், பேராக்கின் லயங்களிலிருந்து உலகச் சாம்பியன்கள் வரிசையாக வந்திருக்க வேண்டுமே. வரவில்லை. அங்கே சுமை இருந்தது, பயிற்சிக் கம்பி இல்லை.

இதற்கு மறுப்பாக மணிப்பூரின் மீராபாய் சானுவைக் காட்டுவார்கள். அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைச் சிறுமியாக இருந்தபோதே தூக்கினார், பயிற்சிக்குப் போகப் பணம் இல்லாமல் மணல் லாரிகளில் ஏறிப் போனார், தோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். கதை உண்மைதான். ஆனால் அந்த லாரி எங்கே போயிற்று? இம்பாலின் குமான் லம்பாக் விளையாட்டு வளாகத்துக்கு. அங்கே பெண்களுக்குப் பளுதூக்கல் கற்றுத்தரும் பயிற்சியாளர் இருந்தார். குஞ்சராணி தேவி போன்ற முன்னோடிகள் உலக அரங்கில் பதக்கம் வென்று பாதை போட்டிருந்தார்கள். போய்ச் சேர ஓர் இடம் இருந்ததால்தான் லாரியில் ஏறியதற்குப் பொருள் கிடைத்தது. தெலுக் இந்தானுக்கு அருகே ஒரு முன்னாள் தோட்டத்தில் அதே வலிமையோடு ஒரு சிறுமி இருந்து, அதே போல லாரியில் ஏறியிருந்தால், எந்தக் கூடத்தின் முன்னால் இறங்கியிருப்பாள்? இதே மீராபாய் 2016 ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளிலும் தோற்றார். தோக்கியோவுக்கு முன் அவருடைய உடல் வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அனுப்பினார்கள். விறகு சுமந்த கதையை எல்லோரும் சொல்கிறோம். செயின்ட் லூயிசுக்கு விமானச் சீட்டு எடுத்த கதையை யாரும் சொல்வதில்லை.

இனி பல்கேரியா. ஏறத்தாழ 85 லட்சம் மக்கள் மட்டுமே இருந்த அந்த நாடு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் 3 தங்கம் வென்றது. அதற்குப் பின்னால் இருந்தவர் தலைமைப் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ். நாளுக்குப் பல வேளை, உச்ச எடைக்கு நெருக்கமாகவே தூக்க வைக்கும் அவருடைய முறை உலகெங்கும் பேசப்பட்டது. நம்மூர் மேடையில் இது ‘கசக்கிப் பிழிந்தால்தான் வெற்றி’ என்று சுருங்கிவிடுகிறது. அந்தக் கசக்கலைத் தாங்கும்படி ஓர் அரசே பின்னால் நின்றது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடெங்கும் இருந்த விளையாட்டுப் பள்ளிகள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தன. வீரனுக்கு வேறு வேலை கிடையாது, பளு தூக்குவதே வேலை. தங்குமிடமும் உணவும் மருத்துவரும் அரசின் பொறுப்பு. பகலில் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்யும் இளைஞன்மேல் அபாஜியேவின் அட்டவணையை ஏற்றினால் முட்டிதான் கழன்றுபோகும்.

நயீம் சுலைமானோக்லுவின் வாழ்க்கை இந்த வாதத்துக்குக் கடைசி ஆணி. 1967-ல் பல்கேரியத் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர் பள்ளிப் பருவத்திலேயே கண்டெடுக்கப்பட்டு, 16 வயதுக்குள் உலக சாதனைக்காரர் ஆனார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் புறக்கணித்ததால் அவர் மேடை ஏறவே முடியவில்லை. அங்கே வைராக்கியம் என்ன செய்தது? அந்த ஆண்டின் இறுதியில் பல்கேரிய அரசு துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றத் தொடங்கியது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் பெயர் இழந்தார்கள். நயீமும் ‘நாவும் ஷலமானோவ்’ ஆக்கப்பட்டார். உலகின் மிகச் சிறந்த பளுதூக்கு வீரரால் தன் பெயரைக்கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. திறமை இருந்தால் எவரும் தடுக்க முடியாது என்று சிறுபான்மைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1986 டிசம்பரில் மெல்பர்னில் நடந்த உலகக் கோப்பையின்போது அவர் அணியைவிட்டு நழுவித் துருக்கியிடம் தஞ்சம் கேட்டார். அதற்குத் துணிவு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஓர் அரசின் செயல்கள். பிரதமர் துர்குத் ஓசால் விமானம் அனுப்பி அழைத்துக்கொண்டார். நாடு மாறியவர் உடனே ஒலிம்பிக்கில் இறங்கப் பழைய நாட்டின் சம்மதம் வேண்டும் என்பது விதி. அந்தச் சம்மதத்துக்காகத் துருக்கி 10 லட்சம் டாலருக்குக் குறையாத தொகையைப் பல்கேரியாவுக்குக் கொடுத்தது. அதனால்தான் 1988-ல் சோலில் 60 கிலோ பிரிவில் 152.5, 190, மொத்தம் 342.5 கிலோ என்ற சாதனை உலகத்துக்குக் கிடைத்தது. இரண்டாம் இடத்தில் வந்த பல்கேரியரைவிட அது 30 கிலோ கூடுதல். ஒரு நாடு வளர்த்தது, பெயரைப் பறித்தது. இன்னொரு நாடு விலை கொடுத்து மீட்டது. இதைத் தனிமனித உறுதியின் காவியமாகச் சொல்வது அந்த மனிதர் பட்ட பாட்டையே பாதி மறைப்பதாகும்.

அந்தப் பல்கேரிய ஏற்பாடு ஊக்கமருந்திலும் முடிந்ததே, அதைத்தான் முன்மாதிரி என்கிறீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோலில் தங்கம் வென்ற மித்கோ கிராப்லேவும் ஆங்கெல் கெஞ்செவும் ஃபுரோசெமைட் சோதனையில் சிக்கியதால் பல்கேரிய அணியே பாதியில் விலகியது. 2000 சிட்னியில் பெண்கள் பளுதூக்கலின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற இசபெலா டிராக்னேவா உட்பட மூவரின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2015-ல் 11 பேர் ஸ்டானசோலால் சோதனையில் தோற்றார்கள். ரியோவில் பல்கேரியப் பளுதூக்கு அணியே இல்லை. ரியோவில் 77 கிலோ தங்கத்தை முதலில் பெற்ற கசக்ஸ்தானின் நிஜாத் ரஹிமோவ்கூட சிறுநீர் மாதிரியை மாற்றியதற்காக அதைப் பின்னால் இழந்தார். பதக்கத்தை மட்டும் கேட்டு, பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கணக்குக் கேட்காத ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதற்கு இவை சான்று. ஆகவே நமக்கு வேண்டியது கண்காணிப்புக்கு உட்பட்ட ஏற்பாடு. ஏற்பாடே வேண்டாம் என்பது அதற்கு விடையாகாது. சொல்லப்போனால், ‘எப்படியாவது ஜெயித்துக் காட்டு’ என்று நெருக்கிவிட்டு, பயிற்சியாளரோ மருத்துவரோ இல்லாமல் விடும் இடத்தில்தான் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன் யாரோ கொடுக்கும் ஊசியை நம்பிப் போகிறான். வைராக்கியப் பிரசங்கம் அந்த ஆபத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

அந்தக் காலத்தில் எந்த வசதியும் இல்லாமலே வென்றார்களே என்பது அடுத்த தடை. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். பெருமைப்பட வேண்டிய பெயர். ஆனால் ஓட்டத்துக்கு வேண்டியது ஒரு திடல். அதைப் பள்ளிகள் கொடுத்தன, பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் மாவட்டம், மாநிலம் என்று படி அமைத்தன. பளுதூக்கலுக்கு அந்தப் படி யாரிடம் இருந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது. 1950-ல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டில் மலாயா வென்ற 2 தங்கமும் பளுதூக்கலில்தான். வென்றவர்கள் தோ ஃபூக் ஹுங், கோ எங் தோங். நகரத்துச் சீனர்களிடையே உடற்பயிற்சிச் சங்கங்கள் இருந்தன; கம்பியும் வட்டும் அங்கே இருந்தன. அதே ஆண்டுகளில் அவசரகாலத்தின் கம்பி வேலிக்குள் இருந்த தோட்டத்து லயத்தில் அவை இல்லை. சீன இளைஞனுக்கு உறுதி கூடுதல், தமிழ் இளைஞனுக்குக் குறைவு என்று இதை வைத்து யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அப்படியானால் இன்றைய இடைவெளிக்கு மட்டும் ஏன் உறுதியைக் காரணம் காட்ட வேண்டும்?

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தேசிய விளையாட்டு மன்றமும் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும் இருக்கின்றன, நம் பிள்ளைகள்தான் போவதில்லை என்பது மூன்றாவது தடை. மலேசியாவின் பளுதூக்கல் நலிந்த ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018-ல் அஸ்ரோய் ஹசல்வாஃபியும் அஸ்னில் பிடினும், 2022-ல் அனிக் கஸ்டானும் அஸ்னிலும் காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்தார்கள். நாட்டுக்கு இந்தக் கலை தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கேள்வி, அந்தக் கலை பேராக்கின் எந்தெந்த ஊருக்கு வந்து சேர்கிறது என்பதே. விளையாட்டுப் பள்ளி ஏற்கெனவே கண்ணில் பட்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளும். மாணவர் எண்ணிக்கை குறைந்து வரும் சிறு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை எந்தத் தேர்வாளரின் கண்ணில் படும்? ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்கள் ஆனதும், குடும்பங்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியதும் நாம் அறிந்தவை. வேலையும் வீடும் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கூடவே தோட்டத்துத் திடலும், தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த பந்து விளையாட்டும், பிள்ளைகளை ஒன்றுகூட்டிய பெரியவர்களும் போனார்கள். குறைபாடுள்ள ஏற்பாடுதான், முதலாளி தயவில் நின்றதுதான். ஆனாலும் ஓர் ஏற்பாடு. அது போன இடத்தில் இன்னொன்று வரவில்லை. தேர்வில் இனப் பாகுபாடு உண்டா என்ற வழக்கைத் தனியே நடத்தலாம். அது முற்றிலும் நீங்கினாலும், முதல் படி இல்லாத ஏணியில் யாராலும் ஏற முடியாது.

இவ்வளவு சான்று இருந்தும் வைராக்கியப் பேச்சு ஏன் நிலைக்கிறது? அதில் யாருக்கும் செலவில்லை. சமூக அமைப்பு ஒரு நாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். அரசியல்வாதி ஒரு காசோலையோடு கடமையை முடிக்கலாம். அரசு கணக்குக் கேட்கப்படாமல் தப்பலாம். பொறுப்பு முழுவதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்துக்குள் தள்ளப்படுகிறது. தோற்றால் அவன் சோம்பேறி. ஒருவன் எப்படியோ வென்றுவிட்டால் மற்ற எல்லோரும் சோம்பேறிகள். தோற்றவனைப் பற்றி இந்தப் பேச்சு சொல்லும் தீர்ப்பை அவனும் நம்பிவிடுகிறான் என்பதே இதன் மிகப் பெரிய கேடு. கூடம் இல்லாததால் வீரனாகாத ஒருவன், தன் குணத்தில் குறை இருப்பதாக நினைத்தபடி வாழ்நாளைக் கழிக்கிறான்.

பேசுபவர்கள் மனம் வைத்தால் அடுத்த அடி ஒன்றும் வானத்தை வளைப்பதல்ல. போட்டி மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர்; ஆண்களுக்கான கம்பியின் எடை 20 கிலோ, பெண்களுக்கானது 15. வட்டுகளும் தாங்கிகளும் சேர்ந்தால் ஒரு வகுப்பறையில் அடங்கிவிடும். கடினமானது இரும்பு வாங்குவதல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், பத்தாண்டுக் காலம், தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதும், வளரும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் உறுதி செய்வதும், பள்ளி முடிந்ததும் வேலைக்கு அலையாமல் பயிற்சியைத் தொடர ரயில்வே வேலையைப் போல ஒன்றை ஏற்படுத்துவதும்தான். ஈப்போவில் ஒன்று, சுங்கை சிப்புட்டில் ஒன்று, பாகான் டத்தோவில் ஒன்று என்று தொடங்கலாம். பத்தாண்டு கழித்தும் ஒருவரும் தேறவில்லை என்றால், அப்போது நம் பிள்ளைகளின் வைராக்கியத்தைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வரும். அதுவரைக்கும், சதீஷையும் மீராபாயையும் நயீமையும் மேடையில் உதாரணம் காட்டுபவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்: அவர்களுக்குக் கிடைத்ததில் எதை நீங்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?